சும்மா கிடைத்த ரொட்டியும் 20 பவுண்டு டாக்சியும்

மூன்று கிலோமீட்டருக்கு 20 பவுண்டு. நம் காசில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். இதைக் கொட்டித் தீர்த்தால்தான் மற்றதை ஒழுங்காக எழுத வரும்.

மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள், இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாளிடம் சொன்ன நாள். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் டிச்போர்ன் என்ற குக்கிராமத்தில் அன்று ஊர்க்காரர்களுக்கு இலவசமாக மாவு அளந்து போடுவார்கள். எண்ணூறு வருடப் பழக்கம் என்கிறார்கள். அதற்காகவே பக்கத்து நகரமான வின்செஸ்டரில் இரண்டு இரவு தங்கினேன். டிச்போர்னுக்குப் பக்கத்து ஊரான ஆல்ஸ்ஃபர்ட் போகும் பஸ் நாற்பது நிமிடம் தாமதம். நிறுத்தத்துக் கூரை ஒழுகியது. ஒருவழியாக ஆல்ஸ்ஃபர்டில் இறங்கியபோது மீதித் தூரத்தை நடக்க நேரமில்லை. என் அவசரம் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். டாக்சிக்காரர் மீட்டரே போடவில்லை, "மினிமம் சார்ஜ்" என்று முடித்துவிட்டார். இலவச மாவை வேடிக்கை பார்க்க இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துப் போன ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் திட்டம். பார்ப்போம்.

முதல் நாள் வின்செஸ்டரிலேயே செயின்ட் கிராஸ். கதீட்ரலிலிருந்து இச்சன் ஆற்றங்கரையோரம் அரை மணி நேர நடை, காசே வேண்டாம். 1130-களில் ஆயர் ப்ளுவா ஹென்றி கட்டிய தர்ம விடுதி இது. 13 ஏழைகளுக்கு இருக்க இடமும் சாப்பாடும், அதுபோகத் தினமும் வெளியிலிருந்து வரும் 100 ஏழைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு. 1445 வாக்கில் கார்டினல் போஃபோர்ட், வாழ்ந்து கெட்ட பெரிய குடும்பத்து ஆட்களுக்கென்று இன்னொரு பிரிவைச் சேர்த்தார். இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். பழைய பிரிவுக்குக் கறுப்பு அங்கி, போஃபோர்ட் பிரிவுக்குச் சிவப்பு.

வாசல் அறையில் "வழிப்போக்கர் தர்மம்" என்று கேட்டால் கொம்புக் குவளையில் கொஞ்சம் பீரும் ஒரு துண்டு ரொட்டியும் தருவார்கள். கேட்டால்தான். ரொட்டி மீன் தூண்டிலில் மாட்டும் அளவுதான், பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் இந்த நாட்டுக்கு வந்த நாளாக யாரும் எனக்கு எதையும் சும்மா கொடுக்கவில்லை, மெதுவாக மென்று சாப்பிட்டேன். உள்ளே சுற்றிப் பார்க்கக் கட்டணம் தனி என்பது பிறகுதான் தெரிந்தது!

உள்ளே இருக்கும் தேவாலயம் சின்ன கதீட்ரல் மாதிரி. 1507-இல் பக்கத்து செயின்ட் ஃபெய்த் ஆலயத்தை இடித்ததிலிருந்து அந்தப் பங்கு மக்களுக்கும் இதுதான் கோயில். இடித்த ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டியும் மணியும் இங்கேதான் இருக்கின்றன.

என்னைப் பிடித்து உலுக்கியது வேறு கதை. இந்த விடுதிக்கு எழுதி வைத்த சொத்தெல்லாம் நிலம். நிலத்தைக் குறைந்த வாடகைக்கு நெடுங்காலக் குத்தகையாக விட்டுவிட்டு, புதுப்பிக்கும்போது மொத்தமாக ஒரு பெரிய தொகை வாங்குவது வழக்கம். 1808-இல் வின்செஸ்டர் ஆயர் தன் மகன் ஃபிரான்சிஸ் நார்த்தையே விடுதிக்குத் தலைவராக்கினார். பின்னாளில் கில்ஃபோர்ட் பிரபு ஆனவர். ஏழைகளுக்குக் கொஞ்சம், புதுப்பிக்கும் தொகை இவர் பைக்கு. கேட்டால் முன்னோர் எழுதி வைத்த வழக்கம் என்று ஒரு பழைய காகிதத்தைக் காட்டினார்கள். 1853-இல்தான் நீதிமன்றம் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டது.

சரி, டிச்போர்ன். 12-ஆம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லும் கதை இது. படுத்த படுக்கையாக இருந்த டிச்போர்ன் குடும்பத்து மபெல்லா சீமாட்டி, ஏழைகளுக்கு வருடா வருடம் தானியம் கொடுக்க நிலம் ஒதுக்கச் சொல்லிக் கணவனிடம் கேட்டாள். அந்த மனிதன் அடுப்பிலிருந்து எரியும் கொள்ளிக்கட்டையை எடுத்து, "இது அணைவதற்குள் நீ சுற்றி வரும் நிலம் அவர்களுக்கு" என்றானாம். என்ன கணவனோ. நடக்க முடியாதவள் தவழ்ந்தே 23 ஏக்கரைச் சுற்றிவிட்டாள். அந்த வயலுக்கு இன்றும் "கிரால்ஸ்" என்றுதான் பெயர், தவழ்ந்த இடம். சாகும்போது, இதை நிறுத்தினால் ஏழு மகன்களுக்குப் பின் ஏழு மகள்கள் பிறந்து வம்சப் பெயர் அழியும், வீடும் விழும் என்று சாபம் போட்டுவிட்டுப் போனாள்.

1796-இல் நிறுத்தினார்கள். கண்ட ஊர்க்காரர்களும் நாடோடிகளும் கூடித் திருட்டு நடக்கிறது என்று புகார். 1803-இல் குடும்ப மாளிகையின் ஒரு பகுதி சரிந்தது. ஏழு மகன்கள் பெற்றவரின் வாரிசுக்கு ஏழும் பெண்ணாகப் பிறந்ததும் குடும்பம் பயந்துபோய்த் தர்மத்தை மறுபடி ஆரம்பித்தது. வீட்டைச் சாய்க்கச் சாபத்துக்கு எடுத்தது 7 வருடம். செயின்ட் கிராஸில் கோர்ட்டுக்கு 45. நான் ஏழையாக இருந்தால் வக்கீலைப் பார்க்க மாட்டேன், மபெல்லாவிடம்தான் போவேன்.

மாளிகை வாசற்படியில் பெரிய மரப்பெட்டி நிறைய மாவு. பாதிரியார் ஜெபித்து, தீர்த்தம் தெளித்து, மபெல்லாவின் ஆன்மாவுக்காக வேண்டினார். பெரியவர்களுக்கு ஒரு கேலன் (சுமார் நாலரை லிட்டர்), குழந்தைகளுக்கு அரை. சிலர் தலையணை உறை கொண்டு வந்திருந்தார்கள். மேட்டில் இருக்கும் ஊர் ஆலயம் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை), ஆனால் டிச்போர்ன் குடும்பம் கத்தோலிக்கம். ஆலயத்துக்குள்ளேயே கம்பி அடைப்புக்குள் அவர்களுக்கென்று தனிப் பகுதி. இங்கிலாந்தில் இது அபூர்வம். அதைப் பார்க்கவாவது மேடேறுங்கள்.

வெட்கத்தை விட்டு நானும் மாவு கேட்டேன். டிச்போர்ன், செரிட்டன் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும்தானாம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மா சிரித்துவிட்டார். டாக்சிக் கதையைச் சொன்னதும், "அடப்பாவி" என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன உண்டோ அதைச் சொல்லி, ஆல்ஸ்ஃபர்ட் வரை தன் காரில் ஏற்றிக்கொண்டார். பின் சீட்டில் நாய், அதனால் மாவு மூட்டை என் மடியில். அவர் காட்டிய கடையில் வாட்டர்கிரெஸ் கீரை சூப்பும் ரொட்டியும் 7 பவுண்டு. கரும்பச்சையாக, லேசாகக் காரமாக, இந்தப் பயணத்திலேயே நல்ல சாப்பாடு அதுதான். பேண்ட் முழுக்க மாவோடு உட்கார்ந்து, கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டேன்.