சோகோவுக்கு எடுபட்ட கதை, போட யோசிக்கிற ஆக்களுக்காக

கனபேர் இன்பாக்ஸில கேக்கினம், சோகோவுக்கு, அதுதான் குற்றம் நடந்த இடத்தில தடயம் எடுக்கிற பொலிஸ் பிரிவுக்கு, தனியா அப்ளிகேசன் இருக்கோ எண்டு. நான் போன வழியில அப்பிடி இருக்கேல்ல. முதல் பொலிஸுக்கு சேரோணும். கெசட் பாத்துப் போட்டு, உயரம் அளந்து, எழுத்துச் சோதனை, இன்ரவியூ, மெடிக்கல், ஊருக்குள்ள வந்து எங்களைப் பற்றி விசாரிக்கிறது எல்லாம் தாண்டி, ட்ரெயினிங்கும் முடிச்சு ஸ்டேசனில வேலை செய்யேக்கதான் சோகோவுக்கு ஆள் கேட்டு உள்ளுக்க கடிதம் வரும். இழுபடும், மனம் விட்டுடாதேங்கோ.

பொம்பிளைப் பிள்ளை பிரேதத்துக்குக் கிட்டப் போறதோ எண்டு அம்மா அழுதவ. எனக்கு யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழிதான் மனசில நிண்டது. 1999 இல தோண்டேக்க 15 பேற்ற எலும்பு எடுத்தவை, 2025 இல சித்துப்பாத்தி மயானத்தில திரும்பவும் தோண்டினவை. எலும்போட கிடக்கிற ஒரு செருப்பு, ஒரு வளையல், அதை அந்த இடத்திலயே வச்சுப் படமெடுத்து அளந்து நம்பர் போடாமல் தூக்கினால் பேந்து அது ஆற்ற எண்டு எந்தத் தாய்க்கும் சொல்ல ஏலாது.

செலக்சனில ஒரு அறைக்க விட்டவை. கதிரை ஒண்டு கவிண்டு கிடந்தது, உடைஞ்ச கிளாஸ், சுவரில கறை. பாக்கிறதை எழுதச் சொன்னவை, அவ்வளவுதான். கனபேர் சண்டை நடந்திருக்கு, ரத்தம் தெறிச்சிருக்கு எண்டு கதை எழுதிப்போட்டினம். அவை எதிர்பாத்தது, கதவில இருந்து எவ்வளவு தூரம், நிலத்தில இருந்து எவ்வளவு உயரம், மண்ணிறக் கறை, என்ன வடிவம், அதுதான். ரத்தமோ எண்டு சொல்லவேண்டியது ஆய்வுகூடம்.

பேந்து இன்ரவியூவில, ரத்தம் பட்ட சாறத்தை எதில போடுவாய் எண்டு கேட்டவை. காயவிட்டு கடதாசிப் பையில எண்டன். பொலித்தீனில ஈரம் அடைபட்டு பூஞ்சணம் பிடிச்சால் டிஎன்ஏ கெட்டுப்போடும், எங்கட வெக்கைக்கு சொல்லத் தேவையில்லை.

ஆள் எடுக்கேக்க ஓட்டத்தையும் உயரத்தையும் பாக்கிறது சரி, ஆனா வடிவா எழுதத் தெரிஞ்ச, அவசரப்படாத ஆக்களையும் தேடி எடுக்கோணும் எண்டு நான் உறுதியா நம்புறன். பயோ, கெமிஸ்ட்ரி படிச்ச எங்கட பிள்ளையள் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கிறேல்ல, அதுதான் எனக்குக் கவலை. செத்த வீட்டில அழுதுகொண்டு நிக்கிற மனிசி, ஆர் கதவைத் திறந்தது, ஆர் பாயைச் சுருட்டினது எண்டு தமிழிலதான் சொல்லுவா, அதைக் கேட்டு அப்பிடியே குறிக்க ஆள் வேணும். சிங்களமும் படியுங்கோ, சான்றுப்பொருள் நீதவான்ர கட்டளையோட பத்தரமுல்லையில இருக்கிற அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குத்தான் போறது, அங்கத்தைய ஆக்களோட கதைக்க வேண்டிவரும்.

கெசட் வெள்ளிக்கிழமையில வாறது, தமிழிலயும் போடுவினம். பிறப்புப் பத்திரம், ஓஎல், ஏஎல் சேட்டிபிக்கட் எல்லாம் இப்பவே கொப்பி அடிச்சு வையுங்கோ.