பாண்டிச்சேரி லாட்ஜைத் தேடி

"பாண்டிச்சேரின்னு நிஜமாவே ஒரு ஊர் இருக்கா? கதைக்காக வைத்த பெயர் என்றல்லவா நினைத்தேன்!"

ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து சீட்டுக்காரர் இப்படிக் கேட்டதும், தயிர்சாதம் எடுத்த கை பாதியில் நின்றுவிட்டது. அவர் ஷெர்லாக் ஹோம்ஸ் பைத்தியம். 1890-ல் வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில், லண்டன் அப்பர் நார்வுட்டில் 'பாண்டிச்சேரி லாட்ஜ்' என்றொரு பங்களா வரும். என் ஊர்ப் பெயர் அவருக்கு அதில்தான் அறிமுகம்.

சுருக்கென்றது. ஹோம்ஸின் கதை விலாசமான பேக்கர் தெரு 221பி-க்கு என்னை அழைத்துப் போனவரே அவர்தான். ஹோம்ஸ் கதைகள் வரத் தொடங்கிய காலத்தில் அந்தத் தெருவில் அத்தனை பெரிய எண்ணே கிடையாது. 1990-ல் திறந்த ஹோம்ஸ் மியூசியமும் 237-க்கும் 241-க்கும் நடுவில்தான் இருக்கிறது. கதவில் மட்டும் 221பி. இல்லாத வீட்டுக்கு அவ்வளவு கூட்டம். இருக்கிற என் ஊர் கற்பனையாம்!

அந்தச் சனிக்கிழமையே கிரிஸ்டல் பேலஸ் ஸ்டேஷனில் இறங்கி நார்வுட் மேடேறினேன். பங்களா கற்பனை என்று தெரியும், மனசு கேட்கவில்லை. லைசியம் தியேட்டர், வாக்ஸ்ஹால் பாலம், கோல்ட்ஹார்பர் லேன் என்று நாவலில் போகிற வழியெல்லாம் நிஜப் பெயர்கள். போய்ச் சேரும் வீடுதான் இல்லை. கதையில் அதை வாங்கிய மேஜர் ஷோல்ட்டோகூட பாண்டிச்சேரிக்காரர் இல்லை, பம்பாய்ப் படைக்காரர், அந்தமானில் இருந்தவர்.

ஆனால் அந்த வீட்டின் மதில் என்னை விடவில்லை. உயரமான கல்மதில், மேலே வரிசையாகக் கண்ணாடிச் சில்லு. முத்தியால்பேட்டையில் எங்கள் மதிலும் அப்படித்தான். உடைந்த சோடா பாட்டில் துண்டுகளை அப்பா ஈர சிமெண்டில் ஒவ்வொன்றாக நட்டார். மறுமாதமே பந்தெடுக்க ஏறி முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். அம்மா மஞ்சளை அப்பி அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

நார்வுட்டில் நான் பார்த்ததெல்லாம் கத்தரித்த வேலிச் செடிகள். லண்டன் பழகிவிட்டது, ஊர் நினைப்பே வருவதில்லை என்று போன வாரம்தான் தம்பியிடம் சொல்லியிருந்தேன். பியூலா ஹில் ஓரமாக நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"போனைக் கொஞ்சம் மதில் பக்கம் திருப்பும்மா."

"ஏண்டா, திருடன் கிருடன் வந்துட்டானா?"

அங்கே சாயங்கால வெயில். முருங்கைக் கிளைக்குக் கீழே பச்சைச் சில்லுகள் மின்னின. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவருக்குக் காட்டணும்.