கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் கர்னல்

மெமரி கேட்கும் மாலாக் (malloc), 'இல்லை' என்பதற்கு அடையாளமான நல் (NULL) தருகிறதா என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதே என்றுதான் எனக்கு சி மொழி சொல்லிக் கொடுத்தார்கள். பல வருஷம் ஒழுங்காகப் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள், 8 ஜிபி ராம் மட்டும் உள்ள, ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) இல்லாத ஒரு லினக்ஸ் மெஷினில், 1 ஜிபி துண்டாக 100 முறை கேட்கும் சின்ன நிரலை ஓட்டினேன். நூறும் கிடைத்தது! ப்ராசஸ்களைக் காட்டும் டாப் (top) கட்டளையில் விர்ட் (கேட்டு வாங்கிய அளவு) 100 ஜிபி, ரெஸ் (நிஜமாக ராமில் இருப்பது) சில எம்பி.

கிடைத்தது வெறும் முகவரிகள். அந்த முகவரியில் முதல்முறை எதையாவது எழுதும்போதுதான் பேஜ் ஃபால்ட் ('இங்கே பக்கம் இன்னும் இல்லை' என்ற குறுக்கீடு) வந்து, கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ராமிலிருந்து ஒரு பக்கத்தை (பொதுவாக 4 கேபி) எடுத்து ஒட்டுகிறது. சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று மெம்செட் (கேட்ட இடம் முழுக்க ஒரு மதிப்பை எழுதுவது) போட்டேன். மெஷின் கொஞ்ச நேரம் திணறியது, அப்புறம் ஷெல்லில் 'கில்டு' என்று ஒரே ஒரு வார்த்தை. ப்ராசஸைக் கொல்ல கர்னல் அனுப்பும் சிக்கில் (SIGKILL) சிக்னலைப் பிடிக்க வழியில்லை, அதனால் என் பிழை கையாளும் வரிகள் எதுவும் ஓடவே இல்லை. இதிலாவது தப்பு செய்தவனே செத்தான். மெமரி தீர்ந்தால் யாரையாவது கொல்லும் கர்னலின் ஓஓஎம் கில்லர் பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பவனைத்தான் தேடும், ஆகவே ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் கடைசி 50 எம்பியைக் கேட்க, சிவனே என்றிருந்த டேட்டாபேஸ் சாகும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இல்லாத மெமரிக்கும் கர்னல் ஏன் இப்படித் தலையாட்டுகிறது? முக்கியக் காரணம் ஃபோர்க், அதாவது ஒரு ப்ராசஸ் தன்னையே நகலெடுத்துப் பிள்ளை ப்ராசஸை உண்டாக்குவது. 6 ஜிபி பிடித்திருக்கும் ப்ராசஸ் ஃபோர்க் செய்தால், கணக்குப்படி பிள்ளைக்கும் 6 ஜிபி வேண்டும். ஆனால் காப்பி-ஆன்-ரைட் இருப்பதால் எழுதும் பக்கங்கள் மட்டுமே நகலாகும், பல சமயம் பிள்ளை உடனே எக்ஸெக் செய்துவிட்டு (வேறு நிரலாக மாறி) போய்விடும். மெமரியிலேயே தரவை வைக்கும் டேட்டாபேஸான ரெடிஸ், அதை டிஸ்கில் சேமிக்க ஸ்னாப்ஷாட் எடுப்பதும் ஃபோர்க் செய்துதான், அதனால்தான் ஓவர்கமிட்_மெமரி என்ற கர்னல் அமைப்பை 1 (எப்போதும் சரி சொல்) என்று வைக்கச் சொல்கிறது. விண்டோஸில் இந்தப் பேச்சே இல்லை: ராமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த வரம்பைத் தாண்டினால் கேட்கும்போதே மறுத்துவிடும்.

நேர்மை பிடித்துப்போய் நானும் ஒருமுறை அதே அமைப்பை 2 (வரம்பைத் தாண்டினால் மறுத்துவிடு) என்று மாற்றினேன். அதில் இயல்பான வரம்பு ஸ்வாப் முழுவதும், ராமில் மட்டும் 50 சதவீதமும், என் மெஷினுக்கு சுமார் 4 ஜிபி. பாதி ராம் காலியாகக் கிடக்கிறது, பிரவுசர் திறக்க மறுக்கிறது. பத்தே நிமிஷத்தில் இயல்பான 0-க்குத் திரும்பிவிட்டேன், டேட்டாபேஸுக்கு மட்டும் ஓஓஎம் கில்லர் தொடாதபடி ஓஓஎம்_ஸ்கோர்_அட்ஜ் -1000.

நல் சோதனையை இன்னும் எழுதுகிறேன். ப்ராசஸின் மெமரிக்கு வரம்பு வைக்கும் யூலிமிட் போட்ட இடத்தில் நல் நிஜமாகவே வரும்.