இரண்டு ரப்பர் பந்தும் இரண்டு காதும்: சி-டியூப், மூன்றாம் வாரம்

முதல் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளைத் தேடப் பயன்படுத்திய சி-டியூபைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மின்விளக்குக்கு வளையக்கூடிய டங்ஸ்டன் இழையைத் தந்த வில்லியம் கூலிட்ஜின் வேலை அது. 1917-இல் பாஸ்டன் அருகே நஹாண்டில் உருவானது. மின்சாரமே தேவையில்லை. தண்ணீருக்குள் படுக்கைவசத்தில் ஒரு குழாய், இரு முனையிலும் ரப்பர் பந்து. வலப்பந்தின் ஒலி வலக்காதுக்கு, இடப்பந்தின் ஒலி இடக்காதுக்கு, தனித்தனிக் குழாயில் வரும். ஒலி தலைக்கு நடுவே வந்து உட்காரும்வரை குழாயைத் திருப்ப வேண்டும். அதுதான் திசை.

ஆட்டோ ஹாரன் பந்து இரண்டு, அரை இஞ்ச் பிவிசி பைப், பழைய ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனை. இவ்வளவுதான் பொருள். பந்துகளுக்கு நடுவே 90 செ.மீ. வைத்தேன். பக்கத்திலிருந்து வரும் ஒலி நம் ஒரு காதை மற்றதைவிட சுமார் 0.6 மில்லிநொடி முந்தி எட்டுகிறது. திசையை அறிய மூளைக்கு அது பெரிய துப்பு. தண்ணீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது, காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல். அதே நேர இடைவெளி கிடைக்க, காதையும் நான்கு மடங்குக்கு மேல் அகட்ட வேண்டியிருக்கிறது!

முதலில் கிணற்றில் இறக்கினேன். கல்சுவரில் பட்டுத் திரும்பிய ஒலி எல்லாப் பக்கமும் கேட்டது. ஏரிக்குப் போனேன். ஒரு மீட்டருக்குக் கீழே பந்து சப்பிப்போய் ஒலி செத்துவிடுகிறது, அரை மீட்டரில் தெளிவாக இருக்கிறது. தம்பி நாற்பது மீட்டர் தள்ளி நின்று இரண்டு இரும்புத் துண்டுகளைத் தண்ணீருக்குள் தட்டினான். அந்த 'டிக்' மண்டைக்குள் இடமிருந்து வலமாக நகர்ந்து நடுவே நின்ற நொடியில் உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் கருவி ஒவ்வொரு முறையும் 20 டிகிரி தள்ளியே காட்டியது. இரண்டு நாள் குழம்பிப் பிறகு டேப் வைத்து அளந்தேன். காதுக்கு வரும் குழாய்களில் ஒன்று மற்றதைவிட 7 செ.மீ. நீளம். குழாய்க்குள் இருப்பது காற்று, அதில் 7 செ.மீ. என்றால் 0.2 மில்லிநொடி. கணக்கு அப்படியே பொருந்தியது. வெட்டிச் சமமாக்கினேன். கண்ணைக் கட்டிக்கொண்டு எட்டு முறை பார்த்ததில் ஆறு முறை 5 டிகிரிக்குள் வந்தது.

ஒலி முன்னாலா பின்னாலா என்ற சந்தேகமும் தீர்ந்தது. நடுவே நிற்கும்போது கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் போதும். ஒலி இடப்பக்கம் ஒதுங்கினால் முன்னால், வலப்பக்கம் ஒதுங்கினால் பின்னால். திருப்பும்போது தண்ணீர் சலசலப்பதால் நிறுத்தி நிறுத்தித்தான் கேட்க முடிகிறது. அன்று சி-டியூபோடு நீர்மூழ்கி தேடிய மரப்படகுகளும் சொந்த எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கேட்டன.

அந்தப் படகுகள் மூன்று மூன்றாகப் போகும். மூன்றும் சொல்லும் திசைக் கோடுகள் வரைபடத்தில் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நீர்மூழ்கி. எனக்கு இரண்டு கோடு போதும். இன்னொரு ஜோடி பந்து வாங்கிவிட்டேன். இந்த முறை இரு குழாய்களையும் சேர்த்துப் பிடித்து, ஒரே வெட்டாக வெட்டினேன்.