நீர்க்கம்புக்கு மாறிய பிறகு ஜன்னலுக்கு என்ன விலை போடுவது?

ஏணி, வாளி, மாப், வைப்பர் என்று போய்க்கொண்டிருந்த ஜன்னல் துடைக்கும் தொழிலில் தரையில் நின்றபடியே நுனி பிரஷ்ஷுக்குத் தண்ணீர் ஏற்றித் தேய்க்கும் வாட்டர் ஃபெட் போல் எனப்படும் நீர்க்கம்பை வாங்கியதும் முதலில் குழம்புவது விலைதான். வேலை பாதி நேரத்தில் முடிகிறது. விலையையும் பாதியாக்குவதா, பழைய விலையையே பிடித்துக்கொள்வதா? இரண்டுமே கையைக் கடிக்கும். கம்பு குறைப்பது ஒரு ஜன்னலுக்கு ஆகும் நிமிடங்களை மட்டும்தான். வண்டியை நிறுத்தி, குழாய் விரித்து, பம்ப் ஓட்டி, கடைசியில் எல்லாவற்றையும் சுருட்டி ஏற்றும் நேரத்தை அது கூட்டிவிடுகிறது. அதனால் ஜன்னல் விலை இறங்கும். வருகைக் கட்டணம் என்று ஒன்று புதிதாக முளைக்கும். சென்னையை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூலியும் சாமான் விலையும் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர். இந்த முறையில் சோப்பும் கிடையாது, துடைப்பதும் கிடையாது. பிரஷ்ஷால் தேய்த்து, அதே தண்ணீரால் அலசிவிட்டு வந்துவிடுகிறோம். கண்ணாடி தானாகக் காய்கிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். பிரஷ்ஷுக்குப் போகும் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 10 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) கீழே இருக்க வேண்டும், பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. சென்னை போர் தண்ணீரில் 1,000-ஐத் தாண்டுவது சாதாரணம். அதற்குத்தான் 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், ஆர்ஓ மெம்பிரேன், கடைசியில் மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும் மிக்ஸட் பெட் ரெசின் என்று வரிசையாக மாட்டுகிறோம். கார்பனைச் சிக்கனம் என்று விட்டுவிடாதீர்கள். மெட்ரோ தண்ணீரிலோ லாரித் தண்ணீரிலோ இருக்கும் குளோரின் மெம்பிரேனைத் தின்றுவிடும்.

ஒரு லிட்டர் ரெசின் சுமார் 20 கிராம் உப்பைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. போர் தண்ணீர் 1,300 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 1.3 கிராம் உப்பு. ஆர்ஓ இல்லாமல் நேராக ரெசினில் விட்டால் 15 லிட்டரில் ரெசின் தீர்ந்துபோகும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 2 நிமிடம் தண்ணீர் ஓடினால் ஒரு ஜன்னலுக்கு 4 லிட்டர். ஆக ஒரு லிட்டர் ரெசினில் நான்கு ஜன்னல்கூட முடியாது. ரெசின் லிட்டர் ரூ.300 என்றால் ஜன்னலுக்கு 78 ரூபாய் ரெசினுக்கே போய்விடும். அதே தண்ணீர் 97 சதவீதம் உப்பை நீக்கும் ஆர்ஓவைத் தாண்டி வந்தால் 40 பிபிஎம்; அதே ஒரு லிட்டர் ரெசின் 500 லிட்டருக்குத் தாங்கும், ஜன்னலுக்கு இரண்டரை ரூபாய்க்குள் முடியும். பிரிட்டன் வீடியோக்களில் வெறும் ரெசின் டப்பாவை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் உப்புக் குறைந்த தண்ணீர் உள்ள ஊர்க்காரர்கள். அவர்கள் சொல்லும் விலைக் கணக்கு இங்கே ஒத்துவராது.

இப்போது ஒரு நாள் செலவு. இரண்டு பேர், ஒரு சின்ன யானை வண்டி.

கூலி, சாப்பாடு, பேட்டா: ரூ.2,000
வண்டி, டீசல்: ரூ.900
தண்ணீர், கரன்ட்: ரூ.250
ரெசின், ஃபில்டர், மெம்பிரேன் பங்கு: ரூ.400
கருவித் தேய்மானம்: ரூ.340
பிரஷ், குழாய், கிளாம்ப் ரிப்பேர்: ரூ.100
இன்சூரன்ஸ், போன், கணக்குப்பிள்ளை: ரூ.500

மொத்தம் ரூ.4,490, சுமார் 4,500. தேய்மானம் எப்படி வந்தது என்றால், கம்பு, ஆர்ஓ, டேங்க், பம்ப் எல்லாம் சேர்த்து 3 லட்சம், நான்கு வருட ஆயுள், வருடத்துக்கு 220 வேலை நாள். 300 நாள் என்று போட்டால் காகிதத்தில் அழகாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையும் பண்டிகைகளும் போக அத்தனை நாள் கையில் நிற்காது. தண்ணீரில் ஒரு விஷயம் விட்டுப்போகும்: 450 லிட்டர் சுத்த நீர் எடுக்க, கழிவில் ஒரு பகுதியைத் திருப்பி விடும் ஆர்ஓவிலும் 1,350 லிட்டர் போர் தண்ணீர் உள்ளே போகும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மிச்சம் 900 லிட்டர் உப்புக் கழிவு. வாடிக்கையாளரின் சம்ப்பிலிருந்து எடுக்கப்போகிறீர்கள் என்றால் இந்த அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் அசோசியேஷன் இதை லேசில் விடாது.

விற்பனையில் 25 சதவீதம் லாபம் நிற்க வேண்டும் என்றால் 4,500-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும்: நாளுக்கு ரூ.6,000. பலர் 4,500-க்கு மேல் 25 சதவீதம் கூட்டி 5,625 என்று நிறுத்திவிடுகிறார்கள். அதில் நிற்கும் லாபம் 20 சதவீதம்தான். எட்டு மணி நேரம் 480 நிமிடம். ஆக நிமிடத்துக்கு 12.50 ரூபாய். இனி எல்லா விலையும் இந்த ஒரு எண்ணிலிருந்து வரும்.

ஒரு இடத்துக்குப் பயணம், வாட்ச்மேனிடம் பதிவு, குழாய் விரிப்பு, டிடிஎஸ் பார்ப்பது, சுருட்டுவது எல்லாம் சேர்த்து 80 நிமிடம்: வருகைக் கட்டணம் ரூ.1,000. நாலுக்கு நாலு அடி ஜன்னல், சட்டம் தேய்த்து, கண்ணாடி தேய்த்து, அலசி, அடுத்ததற்கு நகர 3 நிமிடம்: 37.50, ரூ.40 என்று வையுங்கள். பழைய ஏணி நாள்களில் இதே ஜன்னலுக்கு 6 நிமிடமும், ஒரு இடத்துக்குப் போய்ச் சாமானை இறக்கி ஏற்ற 45 நிமிடமும் பிடித்திருக்கும். விலை ஜன்னலுக்கு மொத்தமாக ரூ.70 என்று வைத்துக்கொள்வோம்.

பத்து ஜன்னல் வீட்டுக்குப் பழைய விலை 700, புதிய விலை 1,400. அறுபது ஜன்னல் அலுவலகத்துக்குப் பழைய விலை 4,200, புதிய விலை 3,400. இரண்டும் சமமாவது 33 ஜன்னலில். அதற்குக் கீழே உள்ள வேலைக்கெல்லாம் இந்தக் கம்பு நஷ்டக் கருவி. கம்பு வாங்கிய உற்சாகத்தில் "எல்லாருக்கும் 40 ரூபாய்" என்று நோட்டீஸ் அடித்தால், நாள் முழுக்கச் சின்ன வீடுகளாக ஓடி, ராத்திரி கல்லாவில் 2,000 ரூபாய்கூட இருக்காது.

சின்ன வீடுகளை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரே பிளாக்கில் நான்கு வீட்டைச் சேர்த்துக்கொண்டால் வருகைக் கட்டணம் ஆளுக்கு 250, ஜன்னலுக்கு 400, ஆக 650. பழைய 700-ஐவிடக் குறைவு, நமக்கும் கட்டுப்படி. "பக்கத்து வீட்டையும் சேர்த்துச் சொன்னால் இந்த விலை" என்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டால் போதும், தள்ளுபடி விளம்பரமே வேண்டாம். தனி வீடு ஒன்று மட்டும் கூப்பிட்டால் பழையபடி வாளியும் வைப்பரும் எடுத்துக்கொண்டு பைக்கில் போவதே புத்திசாலித்தனம்.

உயரத்துக்கும் நிமிடம்தான் கணக்கு. தரைத்தளம், முதல் மாடி 3 நிமிடம், 40 ரூபாய். இரண்டாம் மாடியில் கம்பு வளைய ஆரம்பிக்கும், 4 நிமிடம், 50. மூன்றாம் மாடி 5 நிமிடம், 65. அதற்கு மேல் கயிற்றில் இறங்குகிறவர்களுக்கு வேலையை விடுங்கள். மின்கம்பி பக்கத்தில் போகும் வீட்டுக்கு எந்த விலையும் கிடையாது, வேலையை ஏற்காதீர்கள். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். ஃபைபர் கிளாஸ் கம்பானாலும் ஈரத்தோடு நீட்டினால் அதை நம்ப முடியாது.

நம் ஊர் ஜன்னலில் இந்தக் கணக்கைக் கெடுப்பது கிரில்லும் கொசுவலையும். வெளிப்பக்கம் கிரில் இருந்தால் பிரஷ் கண்ணாடியைத் தொடவே தொடாது. கை வேலைதான், பழைய விலைதான். வலைக் கதவு வெளித் தடத்தில் இருந்தால் கழற்றி மாட்ட உள்ளேயிருந்து ஒரு ஆள் வேண்டும், வலைக்கு 2 நிமிடம், 25 ரூபாய் தனி. கொட்டேஷன் போடும் முன் போட்டோ அனுப்பச் சொல்லி இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். உள்பக்கக் கண்ணாடியை நீர்க்கம்பு தொடாது என்பதையும் எழுத்தில் போடுங்கள். "கிளாஸ் கிளீனிங்" என்றால் இரண்டு பக்கமும்தான் என்று நினைக்காத வாடிக்கையாளர் இல்லை.

முதல் முறை சுத்தத்துக்கு எப்போதும் இரட்டை: ஜன்னலுக்கு 6 நிமிடம், 80 ரூபாய். காரணம் கண்ணாடியில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. ஸ்லைடிங் தடத்திலும் ரப்பர் பீடிங்கிலும் சன்ஷேட் மேலும் சேர்ந்த புழுதி நனைந்து, நாம் அலசிவிட்டு நகர்ந்த அரை மணி கழித்துச் சொட்டுச் சொட்டாக இறங்கும். பளிச்சென்று இருந்த கண்ணாடியில் பழுப்புக் கோடு விழும். சன்ஷேட் விளிம்பு, மேல் சட்டம், பக்கச் சட்டம் என்று மேலிருந்து தேய்த்து வழியவிட்டு, பக்கத்து இரண்டு ஜன்னலுக்கும் அதையே செய்துவிட்டுத் திரும்பி வந்து கண்ணாடியை அலச வேண்டும். அப்படியும் முதல் தடவை ஒன்றிரண்டு ஜன்னலில் கோடு வரும். திரும்பி வந்து சரிசெய்யும் நேரம் அந்த 80-க்குள் இருக்கிறது. கீழ் பால்கனியில் துணி காய்கிறதா என்று பார்த்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

உப்புக் கறை வேறு கதை. தோட்டத்துக் குழாயால் வருடக்கணக்காக போர் தண்ணீர் அடித்த கண்ணாடியில் படிந்த வெள்ளையைச் சுத்த நீர் எடுக்காது. ஓர் ஓரத்தில் ஒரு சதுர அடி சோதித்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துத் தனி விலை சொல்லுங்கள். வெளிப்பக்கம் கோட்டிங் உள்ள ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியில் ஆசிட் வைத்தால் கோட்டிங் போய்விடும். ஹைட்ரோஃபுளோரிக் கலந்த சரக்கு எந்தக் கண்ணாடிக்கும் வேண்டாம்.

பழைய ஒப்பந்தக்காரர்களுக்கு நடுவில் விலையை மாற்றாதீர்கள், புதுப்பிக்கும்போது மாற்றுங்கள். பெரிய கட்டடத்துக்கு 4,200-ஐ உடனே 3,400 ஆக்குவதைவிட, வருடத்துக்கு நான்கு தடவை இருந்ததை ஆறாக்கினால் 3,400 என்று பேசலாம். கடலோரம் உப்புக் காற்று அடிக்கும் பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் இது எடுபடும். அடிக்கடி செய்த கண்ணாடிக்கு 3 நிமிடமும் ஆகாது, லாபம் அங்கேதான். "மதியத்துக்குள்ள முடிச்சிட்டீங்களே, கொஞ்சம் பாத்துக் குறைங்க" என்ற பேச்சு வரத்தான் செய்யும். ஆள் கூலி, மணிக் கூலி என்று பில் போட்டிருந்தால் பதில் சொல்ல முடியாது. ஜன்னல் எண்ணிக்கையில் போட்டிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் தனி என்று எழுதுங்கள். ஒரு அணி நாளுக்கு 6,000 வீதம் 220 நாள் ஓடினால் 13.2 லட்சம், சேவைக்கான 20 லட்ச வரம்புக்குள் அடங்கும். இரண்டாவது அணி போட்டால் 26.4 லட்சம், பதிவு கட்டாயம். அலுவலகங்கள் அந்த வரியைக் கழித்துக்கொள்ளும், வீட்டுக்காரர்களால் முடியாது. எனவே வரம்பை நெருங்கும் வருடம் வீட்டு விலையை முன்கூட்டியே யோசித்துவையுங்கள். பதிவு உள்ளவர்கள் கருவி வாங்கிய வரியைத் திரும்ப எடுத்தால் தேய்மானத்தை வரி நீங்கிய விலையில்தான் போட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு எண்களை மட்டும் திரும்பப் பாருங்கள்: இறங்கிச் சுருட்ட உண்மையில் ஆன நிமிடம், ஒரு லிட்டர் ரெசின் ஓடிய லிட்டர். இரண்டாவது எண் திடீரென்று சரிந்தால் விலையில் கை வைக்கும் முன் மெம்பிரேனைப் பாருங்கள். ஆர்ஓ தாண்டிய டிடிஎஸ் 40-லிருந்து 100-க்கு ஏறியிருக்கும். மீட்டர் இல்லாமலே தெரியும் அடையாளம் ஒன்று உண்டு: தீர்ந்துபோன ரெசின் டப்பாவைத் திறந்தால் மீன் வாடை அடிக்கும். அந்தத் தண்ணீரில் செய்த ஜன்னலுக்கு மறுநாள் போன் வரும், இலவசமாகத் திரும்பச் செய்ய வேண்டிவரும். அந்த 80 நிமிடத்துக்கு யாரிடமும் பில் போட முடியாது.