மூன்று நாட்டுப் பிள்ளைகளின் கண்காட்சி: ஒருங்கிணைப்பாளர் பட்ட பாடு

கண்காட்சி முடிந்து கடைசிப் பெட்டியும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது என்று நானே சொல்ல ஆரம்பித்துவிடுவேன். வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து பிள்ளைகளின் படைப்புகளைச் சிங்கப்பூருக்கு வரவழைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், கூட்டங்களில் யாரும் வாய் திறக்காத விஷயங்கள் கீழே இருக்கின்றன.

நான் இங்கே ஒரு சமூக மன்றத்தில் வார இறுதி ஓவிய வகுப்பு எடுக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி, ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கலைக்கல்வித் துறை, அப்புறம் நாங்கள். மூன்று தரப்புப் பிள்ளைகளும் 'தண்ணீர்' பற்றிச் செய்வதைச் சிங்கப்பூரில் காட்சிக்கு வைப்பது என்று திட்டம். இடம் சுலபமாகக் கிடைத்தது, பலகைகளை மன்றமே கொடுத்தது, ஐரோப்பியப் பிள்ளைகளின் படங்கள் ஒரே உறையில் சமர்த்தாக வந்து சேர்ந்தன. நல்லதெல்லாம் இவ்வளவுதான்.

முதல் தகராறு தேதியில். மே மாதம் நான்காம் வாரம்தான் என்று பல்கலைக்கழகத்தார் ஒரே பிடியாக நின்றார்கள். 2010-இல் சோல் நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு, 2011-இல் யுனெஸ்கோ அறிவித்த அனைத்துலகக் கலைக்கல்வி வாரம் அது. அறிக்கையில் அந்தப் பெயர் இருந்தால் அவர்களுக்கு நிதி கேட்க வசதி. சரி, ஆனால் மே நான்காம் வாரம் தமிழ்நாட்டில் கத்திரி வெயில், பள்ளிக்குப் பூட்டு, பிள்ளைகள் பாட்டி வீட்டில். இங்கேயோ ஜூன் விடுமுறை வாசலில் நிற்கும், பாதிப் பெற்றோர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். தஞ்சாவூர்ப் பள்ளியின் ஓவிய ஆசிரியர் 2012-இல் பகுதிநேரமாக எடுக்கப்பட்டவர்களில் ஒருவர், இனி நான் சார் என்று சொல்வது அவரைத்தான். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, தொகுப்பூதியம், அப்போது மே மாதத்துக்கு அதுவும் கிடையாது. அதாவது உலகமே கலைக்கல்வியைக் கொண்டாடுகிற வாரத்தில் கலை சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் இல்லை. இதை இணையக் கூட்டத்தில் சொன்னேன். சுவாரசியமான தகவல் என்று குறித்துக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார்கள்.

அந்தக் கூட்டங்கள் அவர்களுக்கு மதியம் மூன்று மணி, சாருக்கு மாலை ஆறரை, எனக்கு இரவு ஒன்பது. 2006 லிஸ்பன், 2010 சோல், 2024 அபுதாபி என்று யுனெஸ்கோ மாநாடுகளின் ஆவணங்கள் வரிசையாகத் திரையில் வரும். எல்லாருக்கும் கலைக்கல்வி கிடைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. கூரியர் காசு யார் கொடுப்பது என்று மட்டும் ஒரு ஸ்லைடிலும் இல்லை. நீங்கள் கூட்டு வேலையில் இறங்கினால் முதல் கூட்டத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அடுத்தது கூட்டாளிப் படிவம். 'தலைமைப் பொறுப்பு' என்று ஒரு கட்டம், அதில் பெயர் போட நிறுவன மின்னஞ்சல் கட்டாயம். சாரிடம் இருப்பது ஜிமெயில், படிவம் அதைத் துப்பிவிட்டது. பள்ளிக்கென்று ஒரு முகவரி இருந்தது, அதன் கடவுச்சொல் தெரிந்த தலைமையாசிரியர் மாறுதலாகிப் போயிருந்தார். கடைசியில் தலைமைக் கட்டத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர், உள்ளூர் ஒருங்கிணைப்பில் நான், 'உதவியவர்கள்' பட்டியலில் சார். இத்தனைக்கும் கண்காட்சியில் எல்லாரும் நின்று பார்த்த விஷயமே அவருடைய யோசனை. ஏரிக்கரையில் ஐயனார் காவல் இருக்கிறார், அவருக்குக் குதிரை உண்டு, அந்த ஏரி மண்ணிலேயே பிள்ளைகள் குதிரை செய்யட்டும் என்று சொன்னவர் அவர்தான்.

பெற்றோர் ஒப்புதல் வேறு கூத்து. பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் இணையத்தில் போட யாருடைய சம்மதம் வேண்டும்? இங்கே தனிநபர் தகவல் பாதுகாப்பு வழிகாட்டிகளின்படி 13 வயதானால் பிள்ளைக்கே பொதுவாகப் புரியும் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் 18 முடியாத எல்லாரும் குழந்தைகள். ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் இணையச் சேவைகளுக்கு 16 என்று வைத்து, வேண்டுமென்றால் 13 வரை இறக்கிக்கொள்ள அந்தந்த நாட்டுக்கு விட்டிருக்கிறது. யோசித்து மண்டை காய்வதைவிட 18-க்குக் கீழ் எல்லாருக்கும் பெற்றோர் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது, நாங்கள் அதைத்தான் செய்தோம். ஆனால் வந்த படிவமோ பக்கம் பக்கமாக ஆங்கிலம். சார் பெற்றோர் கூட்டத்தில் அதைத் தமிழில் வாய்விட்டுப் படித்து விளக்கி, சிலரிடம் கைநாட்டு வாங்கி அனுப்பினால், கைநாட்டை ஏற்க முடியாது, டிஜிட்டல் கையொப்பம் வேண்டும் என்று பதில். இந்தியாவில் கைநாட்டுக்கு என்ன மதிப்பு என்று நான் நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதிய பிறகுதான் விட்டார்கள்.

இதெல்லாம் தாளோடு போன தொல்லை. குதிரைகளுக்கு வருகிறேன்.

சார் பொறுமையாக வைக்கோல் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கூரியர் கடைக்குப் போயிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சாமி சிலை மாதிரி இருக்கே, தொல்பொருள் இல்லைன்னு சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டாராம். சார் அங்கிருந்தே எனக்கு வாட்ஸாப் கால் போட்டார். "மேடம், இதைச் செஞ்ச பையனுக்கே பன்னெண்டு வயசுதான் மேடம்!"

1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி பொதுவாக நூறு ஆண்டுகளாவது பழசாக இருந்தால்தான் தொல்பொருள், கையெழுத்துச் சுவடி என்றால் 75. சிலைக் கடத்தலைப் பார்த்துப் பார்த்து நொந்த மாநிலம், எச்சரிக்கையாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் விரல் ரேகைகூட அழியாத களிமண் குதிரைக்கு அந்தச் சான்றிதழைக் கேட்டு, அப்புறம் ஏற்றுமதி வியாபாரிகள் அரசிடம் வாங்கும் குறியீட்டு எண்ணைக் கேட்டு, அது பள்ளிக்கு இல்லை என்றதும் பெட்டியை அப்படியே திருப்பித் தள்ளினார். வணிகம் இல்லாத சொந்த உபயோகப் பொருளுக்கு அந்த எண்ணிலிருந்து விலக்கு உண்டு. அதைச் சொன்னதற்கு, "எங்க சிஸ்டத்துல அப்படி ஆப்ஷன் இல்லை சார்" என்றார். பஸ் செலவு வீண், ஒரு குதிரையின் காதும் போயிற்று.

எங்களைக் காப்பாற்றியது சாரின் போன். பிள்ளைகள் மண் பிசைவதிலிருந்து சூளையில் வைப்பது வரை அவர் படம் எடுத்து வைத்திருந்தார், எல்லாவற்றிலும் தேதி இருந்தது. அதை அச்செடுத்து, எந்தக் குதிரை எந்த வகுப்புப் பிள்ளை செய்தது என்று பட்டியல் போட்டு, புதிய தலைமையாசிரியர் பள்ளிக் கடிதத்தாளில் முத்திரையோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். அதே நிறுவனத்தின் வேறு கிளையில் பேச்சே இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். மண்ணில், மரத்தில், உலோகத்தில் பிள்ளைகள் எது செய்தாலும் செய்யும்போதே படம் எடுத்து வையுங்கள். இன்னொன்று, "ஊரிலிருந்து வருகிறவர் பெட்டியில் கொடுத்துவிட வேண்டியதுதானே" என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். திருச்சி விமானம் தினமும் வருகிறதுதான். ஆனால் விமான நிலையத்தில் அந்தப் பெட்டிக்குப் பதில் சொல்லப்போவது அவர், நீங்கள் அல்ல.

சிங்கப்பூர்ப் பக்கம் சிக்கியது விலையில். இன்சூரன்ஸுக்கு நல்லது என்று, தஞ்சாவூர்ப் பிள்ளைகளின் ஓவியங்கள் தனியாக வந்த பெட்டிக்கு ஐம்பதாயிரம் ரூபாய் என்று கவுண்டரிலேயே போட்டுவிட்டார்கள். விமானத்திலோ தபாலிலோ வரும் பொருள் 400 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டினால் இங்கே அனுமதியும் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியும். பிள்ளைகள் வரைந்தது, விற்பனைக்கு இல்லை என்று எழுதினேன். அப்படியானால் மதிப்பு பூஜ்யமா என்று சுங்க வேலையைப் பார்க்கும் முகவர் கேட்டார், பூஜ்யம் என்றால் அதற்கும் ஆட்சேபம். காகிதம், வண்ணம் என்று அசல் செலவைக் கணக்குப் போட்டுத் திருத்திய விலைப்பட்டியல் வந்த பிறகுதான் ஓவியங்கள் வெளியே வந்தன. அந்த 400-இல் கூரியர் கட்டணமும் காப்புறுதியும் சேர்த்தி, இதை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். குதிரைகள் செம கனம், அனுப்பிய கூலியே எல்லையைத் தாண்டிவிட்டது, அதற்கு வரி கட்டினேன். பெரிய அளவில் செய்பவர்கள் சுங்கத்துறையின் தற்காலிக இறக்குமதித் திட்டத்தையோ, இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு கொடுக்கும் ஏடிஏ கார்னெட்டையோ (பொருளை வரியில்லாமல் வெளிநாடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணம்) பாருங்கள். இரண்டுக்கும் பிணை வேண்டும், எங்களைப் போன்ற ஓவிய வகுப்புக்குக் கட்டாது.

இத்தனைக்குள் மே போய்விட்டது, கண்காட்சி ஜூலையில்தான் திறந்தது. சொல்லக் கூடாது, அதுதான் நல்லதாகப் போயிற்று. இரண்டு ஊர்ப் பள்ளிகளும் திறந்திருந்தன, தஞ்சாவூரில் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் வீடியோவில் தங்கள் குதிரைகளைப் பார்த்தார்கள். காது உடைந்த குதிரையைச் செய்தவன் மட்டும், "ஏன் என்னோடதை முன்னாடி வெச்சீங்க?" என்று கோபித்துக்கொண்டான்.

கண்காட்சிக் கையேடு அச்சுக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்தேன். கருத்தாக்கமும் தலைமையும் என்ற இடத்தில் சாரின் பெயரைப் போடாவிட்டால் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன் என்று எழுதிவிட்டேன், அச்சகம் இங்கே என் கையில்தானே இருந்தது. நெறிமுறை, முன்மாதிரி என்று கொஞ்சம் இழுத்தார்கள். அப்புறம் பேராசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே அவர் பெயரும் வந்தது. சார் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸாப் டிபியாக வைத்திருக்கிறார்.

அடுத்த வருடமும் செய்யலாம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து மடல் வந்திருக்கிறது. மே நான்காம் வாரமாம். தமிழ்நாட்டுப் பள்ளி நாள்காட்டியை இணைத்து, ஜூலை என்றால் நாங்கள் தயார், கூரியர் செலவு உங்களுடையது என்று பதில் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.