படுகளத்தில் கூந்தல் முடித்தவள்

செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போவதென்றால் படுகளத்தன்று, அதாவது துரியோதனன் போர்க்களத்தில் விழுவதை நடித்துக் காட்டும் நாளன்று, காலையிலேயே போய்விடுங்கள். தீமிதி பார்க்கத்தான் கூட்டம் சாயங்காலம் பஸ் பிடித்து வருகிறது. என் கணக்கில் அதற்குள் விழாவின் உயிரான பாகம் முடிந்திருக்கும்.

நான் போன ஊரில் கோயில் திடலில் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். அத்தனையும் மண். கிரீடம், முறுக்கு மீசை, உருட்டி விழிக்கிற கண். தொடைக்குள் பானையைப் புதைத்துச் சிவப்பு நீர் ஊற்றி மூடியிருந்தார்கள். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் ஓடிய பாரதம் அன்று பதினெட்டாம் போருக்கு வந்து நின்றது.

இந்த வட்டாரத்துக்குத் தாய்க்கோயில் செஞ்சியை அடுத்த மேலச்சேரி. துருபதன் வேள்வியில் பிறந்த பாஞ்சாலி, நூறு தலை அசுரனை அழிக்கச் சுநீத மன்னன் வேண்டியபோது மறுபடியும் தீயிலிருந்து வந்தாள் என்பது இங்குள்ளவர்கள் சொல்லும் கதை. அவளுக்குக் காவல் போத்துராஜாவும் முத்தால ராவுத்தனும். ராவுத்தர் முஸ்லிம், சாமிதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

விடிய விடிய ஆடிய கூத்துக்காரர்கள் அதே வேஷத்தோடு வெயிலில் இறங்கினார்கள். அரிதாரம் வியர்வையில் வழிந்தது. பீமன் துரத்த, துரியோதனன் தன் மண்ணுடம்பின் மேலேயே ஏறி ஓடினான். பீமனின் கதாயுதம் தொடையில் இறங்கியதும் சிவப்பு பீறிட்டது. திரௌபதி வேஷக்காரர் அங்கேயே உட்கார்ந்து, சபையில் அவிழ்ந்த கூந்தலை அந்தச் சிவப்பில் தோய்த்துச் சீவி, பூ வைத்து முடிந்தார். ‘கோவிந்தா, கோவிந்தா’ என்று கூட்டம் கத்தியது. என் பக்கத்திலிருந்த பெண்ணுக்கு அருள் வந்துவிட்டது.

அடுத்த நொடியே காந்தாரி வந்துவிட்டாள், கையில் துடைப்பமும் முறமுமாக. மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். இவ்வளவு நேரம் பாஞ்சாலிக்காகப் பல்லைக் கடித்திருந்த அதே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு மகாராணியின் சபதம் நிறைவேறினால் இன்னொரு மகாராணியின் வயிறு எரியும். இரண்டையும் ஒரே திடலில் வைத்துக் காட்டுகிற துணிச்சல் கூத்துக்குத்தான் உண்டு.

சடங்கு முடிந்ததும் ஆளாளுக்கு அந்த மண்ணைப் பிடி பிடியாக அள்ளினார்கள். ஒரு பாட்டி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார்.

“துரியோதனன் மண்ணையா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்க, ஆயா?”

“ராஜா மண்ணுப்பா. நெல்லுல போட்டு வச்சா கொறையாது. அவன் என்ன, வேத்தாளா? அவளுக்குக் கொழுந்தன்தானே!”

சாயங்காலம் மஞ்சள் துணியும் கையில் வேப்பிலையுமாகத் தீக்குழியில் இறங்கினார்கள். தூக்கிய பிள்ளையோடு நடந்தவர்களும் உண்டு. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலிலும், இலங்கையின் உடப்பிலும் பாண்டிருப்பிலும் திரௌபதிக்காகத்தான் தீ மிதிக்கிறார்கள். மறுநாள் தருமருக்குப் பட்டாபிஷேகம். அதற்கு இருக்க எனக்கு லீவு இல்லை.